இறங்கும் வேகம்

சிறு விமானமொன்று விழுந்து நொறுங்கிற்று என்ற செய்தி வரும்போதெல்லாம் நம் ஜனங்கள் முதலாவதாகக் கேட்கும் கேள்வி, “இஞ்சின் நின்றுவிட்டதா?” என்பதே. இரண்டாவது கேள்வி, “புயலில் அகப்பட்டுக்கொண்டதா?” என்பது. இவ்விரண்டும் இன்றி, இஞ்சின் சரியாக ஓடிக்கொண்டிருக்க, வானம் தெளிந்திருக்க, ஓடுபாதை கண்ணெதிரே நீண்டு கிடக்க, விமானி தம் கையாலேயே விமானத்தைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் உண்மை அதுவே. சிறு விமானங்களுக்கு நேரும் விபத்துக்களில் பெரும்பங்கு இறங்கும் சமயத்தைச் சேர்ந்தது. அவற்றுள் பலவற்றை ஆராய்ந்து பார்த்தால், குற்றம் யந்திரத்தில் இராது. விமானி தேர்ந்துகொண்ட வேகத்தில் இருக்கும்.

இன்று நம் தேசத்தில் ஆயிரக்கணக்கான வாலிபர்களும் யுவதிகளும் விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்திருக்கின்றனர். பெற்றோர் நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் அவர்களை அனுப்பி வைக்கின்றனர். நாளை நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிரை ஏற்கப்போகிறவர்கள் இவர்களே. இவர்கள் இன்று இரண்டு அல்லது நான்கு ஆசனமுள்ள சிறு விமானத்தில் பழகிக்கொள்ளும் வழக்கம், நல்லதாயினும் தீயதாயினும், கடைசிவரை கூடவே வரும். ஆகவே இவ்விஷயம் விமானிகளுக்கு மாத்திரம் உரியது என்று பொதுமக்கள் ஒதுக்கிவிடலாகாது. நாம் கூற விரும்புவது ஒன்றே. இறங்கும் வேகம் என்பது அச்சத்தால் கூட்டிக்கொள்ளக்கூடியதும் அன்று, அவசரத்தால் குறைத்துக்கொள்ளக்கூடியதும் அன்று. காரணம் அறிந்து கணக்கிட்டு நிர்ணயிக்க வேண்டிய ஒன்று. அக்காரணத்தைப் போதியாமல் எண்ணை மாத்திரம் மனப்பாடம் செய்விக்கும் பயிற்சி, பயிற்சியாகாது.

விமானம் காற்றில் நிற்பது எப்படி என்பதை முதலில் கவனிப்போம். இறக்கை எதிர்க்காற்றை ஒரு சிறு கோணத்தில் சந்திக்கின்றது. காற்று இறக்கையின்மேல் வழுவழுப்பாக ஒழுகிச் செல்லும் வரையில் அது விமானத்தைத் தூக்கி நிறுத்தும். வேகம் குறையக் குறைய, அதே பாரத்தைத் தாங்குவதற்காக விமானி மூக்கை உயர்த்தி அந்தக் கோணத்தை அதிகமாக்க வேண்டியிருக்கின்றது. ஓர் எல்லைக்குமேல் கோணம் மிகுந்தால் காற்று இறக்கையைப் பற்றி ஒழுகாமல் பிய்ந்துபோகின்றது. தூக்கும் சக்தி திடீரெனக் குன்றுகின்றது. இதனையே விமானிகள் ‘ஸ்டால்’ என்பர். இஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இஞ்சின் முழுப்பலத்துடன் முழங்கும்போதும் இறக்கை ஸ்டால் ஆகலாம்.

இதனால் நேரும் கேடு விமானத்தின் வயதைவிடப் பழமையானது. 1896-ஆம் வருஷம் ஆகஸ்டு 9-ஆம் தேதி, ஜெர்மனி தேசத்து ஓட்டோ லிலியெந்தால், இஞ்சினில்லாத தம் மிதவை விமானத்தில் பறந்துகொண்டிருக்கையில் அது ஸ்டாலாகி, சுமார் 15 மீட்டர் உயரத்தினின்று கீழே விழுந்தார்; மறுநாள் இறந்தார். ரைட் சகோதரர் தம் யந்திரத்தைப் பறக்கவிட்டது அதன்பின் ஏழு வருஷம் கழித்து, 1903-ஆம் வருஷம் டிசம்பரிலேதான். ஆகாயப் பிரயாணத்தின் ஆதி ஆசாரியர்களுள் ஒருவரைக் கொண்டுபோன அதே அபாயம், நூற்று முப்பது வருஷத்துக்குப் பின்பும் பயிற்சி மாணாக்கரைத் தொடர்ந்து வருகின்றது.

1944-ஆம் வருஷம் உல்ப்காங் லாங்கெவீஷே என்பார் அமெரிக்காவில் ‘ஸ்டிக் அண்ட் ரட்டர்’ என்னும் புஸ்தகத்தை வெளியிட்டார். விமானிகள் இன்றும் அதனை விரும்பிப் படிக்கின்றனர். அவர் வற்புறுத்திய கருத்து யாதெனில், விமானியின் உயிர்நாடி வேகமானியின் முள்ளில் இல்லை, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தில் இருக்கின்றது என்பதே. ஆயினும் பெரும்பாலான சிறு விமானங்களில் அந்தக் கோணத்தைக் காட்டும் கருவி இல்லை, வேகமானிதான் இருக்கின்றது. ஆகவே கோணத்தை நேரே அளக்க இயலாத விமானி, வேகத்தைக் கொண்டு அதனை ஊகித்துக்கொள்கிறான். இந்த ஊகம் சரியாக இருப்பதற்கென ஏற்பட்டதே இறங்கும் வேகத்தைப் பற்றிய பொது விதி. ப்ளாப் முழுதும் இறக்கி, இறங்குவதற்குரிய ஸ்திதியில் விமானம் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகுமோ, அவ்வேகத்தை 1.3 ஆல் பெருக்கிக் கிடைக்கும் வேகத்தில் ஓடுபாதையை அணுக வேண்டும் என்பது அவ்விதி.

ஏன் 1.3? இதனைக் கேளாத மாணாக்கனும் சொல்லாத உபாத்தியாயரும் பலர். இறக்கையின் தூக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.3-ஐ அதனாலேயே பெருக்கினால் 1.69. அதாவது அவ்வேகத்தில் வரும் இறக்கை, விமானத்தின் எடையைப்போல் 1.69 மடங்கு பாரத்தை ஸ்டாலாகாமல் தாங்கவல்லது. இந்த அதிகப்படியான பலமே விமானியின் கையிருப்பு. காற்று ஒரு குலுக்குக் குலுக்கினாலும், ஓடுபாதையை நேர்செய்துகொள்ளச் சற்றுத் திரும்பினாலும், தரைக்கு மேலே மூக்கை உயர்த்தி இறக்கத்தை நிறுத்தினாலும், இக்கையிருப்பிலிருந்தே செலவு நடக்கின்றது. 1.1 மடங்கில் வருபவனிடம் கையிருப்பு இல்லை. 1.6 மடங்கில் வருபவனோ, தரைக்கு வந்தபின் செலவழிக்க வழியில்லாத செல்வத்தைச் சுமந்து வருகின்றான்.

திருஷ்டாந்தமாக, நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் பெரிதும் பழக்கத்திலுள்ள செஸ்னா 172 என்னும் நான்கு ஆசன விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ‘எஸ்’ ரகத்துக்கு அதிகபட்ச எடை 2550 பவுண்டு. அந்த எடையில், ப்ளாப் முழுதும் இறங்கியிருக்க, அது 48 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 48-ஐ 1.3 ஆல் பெருக்கினால் சுமார் 62 நாட். குறுகிய ஓடுபாதையில் இறங்குவதற்கு விமானக் கையேடு விதிக்கும் வேகமோ வேகமானியில் 61. கணக்கும் கையேடும் ஒத்துப்போகின்றன. அந்த வேகத்தில், கடல்மட்டத்தில், காற்று அசையாத நிலையில், 50 அடி உயரத்தடையைத் தாண்டி இறங்கி நிற்க 1335 அடி தூரம் போதும் என்றும், அதில் தரையில் உருளும் தூரம் 575 அடியே என்றும் கையேடு கூறுகின்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு; கவனியாதார் ஏமாறுவர். இதே விமானத்தின் வேகமானியில் வெள்ளை வளைவு தொடங்குமிடம் 40. ‘முள் 40-ல் நின்றால் ஸ்டால்’ என்று கண்ட மாணாக்கன், 40-ஐ 1.3 ஆல் பெருக்கி, ‘52-ல் வந்தால் போதும்’ என்று முடிவு கட்டுவானாயின், அவன் கணக்கு பெரும் பிழையாகும். மூக்கு மிக உயர்ந்திருக்கும்போது வேகமானி உண்மையிலும் குறைத்தே காட்டுகின்றது. முள் 40 காட்டும்போது, பிழை திருத்திய வேகம் 48. முப்பது சதவிகித ஒதுக்கைத் திருத்திய வேகத்தின்மேல் கணக்கிட வேண்டும்; பிறகே கையேட்டின் அட்டவணையைப் பார்த்து அதனை முள்ளின் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். பெருக்கல் தெரிந்தால் மட்டும் போதாது. எதனைப் பெருக்குவது என்பதும் தெரிய வேண்டும்.

இனி எடையைப் பற்றிச் சொல்வோம். கையேட்டிலுள்ள 61 என்பது நால்வரும் மூட்டையும் எண்ணெயும் நிறைந்து விமானம் அதிகபட்ச எடையிலிருக்கும் நாளைக்கு உரியது. மாணாக்கன் தனியே, பாதி எண்ணெயுடன் பறக்கும்போது எடை 2000 பவுண்டு அளவிலே இருக்கலாம். ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும். இந்த எடையில் அது சுமார் 11 சதவிகிதம் தாழ்ந்து, 48 என்பது 42½ ஆகிவிடுகின்றது. ஆகவே அன்று 62 நாட்டில் வருபவன் 1.3 மடங்கில் வரவில்லை, 1.46 மடங்கில் வருகின்றான். கையேட்டு வேகத்தை விட்டுக் குறைத்துக்கொள்ளும்படி புதிய மாணாக்கனுக்கு நாம் உபதேசிக்கவில்லை. உபாத்தியாயர் துணையின்றி அதைச் செய்வது தகாது. ஆனால் அந்த எண்ணிலேயே அவனுக்கு வேண்டியதற்கு மேற்பட்ட ஒதுக்கு அடங்கியிருக்கின்றது என்பதை அவன் அறிந்திருந்தால், அதன்மேல் இன்னும் கூட்டவேண்டும் என்ற பயம் அவனுக்கு எழாது.

அந்தப் பயமே பெருந்தீங்கு. கையேடு 61 என்கின்றது. “எதற்கும் 65 வைத்துக்கொள்” என்று பள்ளியில் ஒருவர் சொல்கிறார். காற்று சற்றுக் குலுக்குகின்றது. மாணாக்கன் தானே ஐந்து கூட்டுகிறான். பக்கத்தில் சிநேகிதனோ தகப்பனாரோ உட்கார்ந்திருக்கின்றார். கௌரவத்துக்காக இன்னும் ஐந்து. இப்படி ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு இட்ட காணிக்கை சேர்ந்து முள் 75-க்கு வந்து நிற்கின்றது. 75-க்கும் 61-க்கும் வித்தியாசம் 14 தானே என்று நினைப்பது பிசகு. ஓடும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கிட்டுப் பார்த்தால், 75-ல் வரும் விமானம் 61-ல் வருவதைப்போல் ஒன்றரை மடங்கு சக்தியைத் தாங்கி வருகின்றது. பத்து சதவிகித வேகம் அதிகப்பட்டால், இறங்கும் தூரம் இருபது சதவிகிதத்துக்குக் குறையாமல் நீளும். இச்சக்தி முழுவதையும் ஓடுபாதை முடிவதற்குள் காற்றிலும் டயரிலும் பிரேக்கிலும் கரைத்தாக வேண்டும். கரையாத மிச்சத்தை வேலியும் பள்ளமும் வாங்கிக்கொள்ளும்.

அன்றியும் தரைக்கு வெகு சமீபத்தில், இறக்கையின் நீளத்தினும் குறைந்த உயரத்தில், காற்றின் தடை குறைந்துவிடுகின்றது. அதிக வேகத்துடன் வந்த விமானம் இறங்க மனமில்லாததுபோல் ஓடுபாதைமேல் மிதந்துகொண்டே போகும். 65 நாட் வேகத்தில் ஒவ்வொரு விநாடிக்கும் 33 மீட்டர் ஓடுபாதை பின்னே போய்விடுகின்றது. ஐந்து விநாடி மிதந்தால் 165 மீட்டர் வீண். அறுநூறு மீட்டர் ஓடுபாதையில் இது கால் பங்குக்கு மேல். பாதை தீர்ந்துகொண்டு வருவதைக் கண்டு பொறுமையிழந்த விமானி, விமானத்தைத் தரையில் அழுத்துவான். மூக்குச் சக்கரம் முதலில் மோதும், விமானம் துள்ளும், அவன் மறுபடி அழுத்துவான், அது இன்னும் உயரத் துள்ளும். மூன்றாவது துள்ளலில் மூக்குச் சக்கரத்தின் கால் முறிந்து, ப்ரொபெல்லர் தரையைக் கிழித்துக்கொண்டு நிற்பது பயிற்சிப் பள்ளிகள் யாவும் அறிந்த காட்சி. பாதுகாப்புக்கென்று கூட்டிய வேகம் செய்த உபகாரம் இதுவே.

இதற்கு மறுமொழியாகப் பழைய விமானிகள் சிலர் ஒன்று கூறுவதுண்டு. “அதிக வேகத்தில் வந்தவன் வேலியில் முட்டிக் காயத்தோடு எழுந்து வருவான், குறைந்த வேகத்தில் வந்தவன் எழுந்து வரமாட்டான். ஆகவே கூட வைத்துக்கொள்வதே மேல்” என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. தரையருகே ஸ்டாலாகி விழுவதே இரண்டில் கொடியது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த மரணங்கள் எங்கே, எவ்வாறு நேருகின்றன என்று பார்த்தால், ஓடுபாதைக்கு நேரே நிதானமாக 1.3 மடங்கில் வந்தவனுக்கு அவை நேரவில்லை என்பது புலனாகும். பெரும்பாலும் அவை நேருவது ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தில்.

அந்தத் திருப்பத்தில் நடப்பதைச் சொல்வோம். விமானம் தரையினின்று சுமார் 500 அடியில், ஓடுபாதைக்குக் குறுக்காகப் போய்க்கொண்டிருக்கின்றது. அன்று காற்று பின்னாலிருந்து தள்ளுகின்றது. தரை வேகமாக ஓடுவதைக் கண்ட விமானி, தன் விமானமே வேகமாகப் போவதாக மயங்கி, முள்ளைப் பாராமலே மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கிறான். காற்று தள்ளியதால் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடுகிறான். அதனைப் பிடித்துவிட வேண்டுமென்ற அவசரத்தில் இன்னும் அதிகமாகச் சாய்கிறான். சாய்வு மிகுந்தது கண்டு அஞ்சி, சாய்வைக் கூட்டாமல் காலால் ரட்டரை மிதித்து மூக்கைத் திருப்புகிறான். மூக்கு தாழ்கின்றது, கைப்பிடியை இழுக்கிறான். அக்கணமே உட்புற இறக்கை ஸ்டாலாகி, விமானம் அந்தப் பக்கம் கவிழ்ந்து சுழல்கின்றது. மீட்பதற்கு வேண்டிய உயரம் அங்கே இல்லை.

இதன் கணக்கும் எளிது. உயரம் குறையாமல் 30 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் ஸ்டால் வேகம் 7 சதவிகிதம் உயரும்; 45 பாகையில் 19 சதவிகிதம்; 60 பாகையில் 41 சதவிகிதம். முன் சொன்ன விமானத்தில் 48 என்பது 45 பாகையில் 57 ஆகின்றது. 60 பாகையில் 68 ஆகின்றது. 62-ல் வருபவன் 30 பாகைக்குள் திரும்பினால் தாராளமாகத் தப்பினான். 60 பாகை சாய்ந்து இழுத்தால் அவ்வேகம் அவனைக் காக்காது. ஆகவே இங்கே வேண்டப்படுவது எல்லா நேரத்துக்குமாக ஏற்றி வைத்த வேகம் அன்று. திருப்பத்தில் சாய்வுக்கு ஓர் எல்லை வேண்டும். திருப்பம் முடியும்வரை சற்று மிகுந்த வேகமும், நேர்கோட்டில் வந்தபின் உரிய வேகமும் வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் அதனைத் துரத்தாமல் விட்டுவிடும் மனத்திடமும் வேண்டும். அதிக வேகத்தை மருந்தாகச் சொல்லும் பழைய விமானிகள் நோயைச் சரியாகக் கண்டார்கள். மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

வேகத்தைக் கூட்டுவதற்கு நியாயமான காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. காற்று ஒரு சீராக வீசாமல் விட்டுவிட்டு அடிக்கும்போது, அவ்வேற்றத்தாழ்வில் பாதியைக் கூட்டிக்கொள்வது விமானிகளிடையே நிலைபெற்ற வழக்கம். காற்று 12 நாட்டில் வீசி இடையிடையே 20 ஆக எழும்பினால் வித்தியாசம் 8, பாதி 4. 61 என்பது 65 ஆகலாம். இதற்கு அளவு உண்டு, காரணம் உண்டு. காற்று அடங்கிய நாளில் இந்த நான்கைத் தள்ளிவிடவும் இடமுண்டு. காரணமின்றிக் கூட்டிய நான்கையோ தள்ளிவிடும் நாள் வருவதே இல்லை.

வேகமானியின் எண்ணை மாற்றாமல், ஆனால் தரைத்தூரத்தை மாற்றும் காரணங்களும் உள. அவற்றையும் பிரித்தறிய வேண்டும். நம் தேசத்தில் இதற்கு நல்ல உதாரணம் பெங்களூர். கடல்மட்டத்துக்குச் சுமார் 3000 அடி உயரத்திலுள்ள அந்நகரின் ஜக்கூர் விமானத்தளத்தில், கோடையில் 33 டிகிரி வெயிலில் காற்று அவ்வளவு இளகிவிடுகின்றது. விமானத்துக்கு அது சுமார் 6000 அடி உயரத்திலுள்ள காற்றைப் போலவே தோன்றும். முள் 61 காட்டினாலும் விமானம் உண்மையில் ஒன்பது சதவிகிதம் அதிக வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இறக்கைக்குத் தெரிவது முள்ளின் வேகமே. ஆகவே அதனை மாற்றலாகாது. ஆனால் டயருக்கும் பிரேக்குக்கும் தெரிவது தரைவேகம். ஆகவே தூரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். சென்னையில் பழகியவன் ஜக்கூரில் தரை விரைந்தோடுவதைக் கண்டு முள்ளைக் குறைத்தானாயின், கண் அவனை ஏமாற்றிற்று என்று கொள்ள வேண்டும். எதிர்க்காற்று ஒன்பது நாட்டுக்குப் பத்து சதவிகிதம் தூரம் குறையும் என்றும், பின்காற்று இரண்டே நாட்டுக்குப் பத்து சதவிகிதம் கூடும் என்றும், உலர்ந்த புல்தரையில் உருளும் தூரத்தில் 45 சதவிகிதம் கூட்ட வேண்டும் என்றும் அவ்விமானத்தின் கையேடு சொல்கின்றது. பின்காற்றின் தண்டனை எத்துணைக் கடுமை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து இறங்குவது என்பதும் வேகத்தேர்வின் ஒரு பகுதியே.

நம்மவர் விமானமோட்டத் தொடங்கிய நாட்களில் இவ்வளவு எண்கள் இருக்கவில்லை. 1929-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஜே. ஆர். டி. டாட்டா விமானி அநுமதிச்சீட்டுப் பெற்றார். 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி, ‘பஸ் மாத்’ என்னும் ஒற்றை இஞ்சின் விமானத்தில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு வந்து இறங்கினார். நெவில் வின்சென்ட் அங்கிருந்து அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அக்காலத்து விமானிகள் சமதரையையும் காற்றையும் நம்பி இறங்கினர். பின்னர் நம் பறக்கும் சங்கங்களில் ‘டைகர் மாத்’ போன்ற திறந்த விமானங்களில் பழகியவர்கள், இறக்கைகளைக் கட்டிய கம்பிகளில் காற்று எழுப்பும் ஒலி தணிவதைக் கேட்டே வேகம் குறைவதை அறிந்தனர். கண்ணும் காதும் கையும் ஒன்றாய்ச் சேர்ந்து கற்ற கல்வி அது. இன்று மூடிய அறையில், காதுக்கு ஒலிவாங்கி பூட்டி, வண்ணத்திரையில் எண்களைப் பார்த்துப் பறக்கும் மாணாக்கனுக்கு அந்த ஒலி இல்லை. அதற்கு ஈடாக ஸ்டாலுக்குச் சில நாட் முன்னரே எச்சரிக்கும் ஊதுகுழல் இருக்கின்றது. இறக்கைக் கோணத்தையே காட்டும் கருவியும் கிடைக்கின்றது. சிறு விமானங்களில் அதனைப் பொருத்துவதற்கான அநுமதி விதிகளை அமெரிக்க சர்க்காரின் விமான நிர்வாகம் 2014-ஆம் வருஷம் எளிதாக்கிற்று. கருவிகள் வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் காரணம் அறியாதவன் கையில் கருவி இன்னுமோர் எண்ணைச் சேர்க்குமேயன்றி அறிவைச் சேர்க்காது.

ஆகவே நம் பயிற்சிப் பள்ளிகளும், அவற்றை மேற்பார்வையிடும் அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை சில உள. பள்ளியில் உள்ள ஒவ்வொரு ரக விமானத்துக்கும், வெவ்வேறு எடையில் அதன் ஸ்டால் வேகமும் அதற்குரிய இறங்கும் வேகமும் கொண்ட அட்டவணையை மாணாக்கனே தன் கையால் கணக்கிட்டு எழுதும்படி செய்ய வேண்டும். அச்சடித்துக் கொடுத்தால் மறப்பான். கணக்கிட்டு எழுதினால் மறவான். உயரத்தில், போதிய இடமிருக்கையில், மிகக் குறைந்த வேகத்தில் பறப்பதையும், திருப்பத்தில் ஸ்டாலாவதையும், அதிலிருந்து மீள்வதையும் பரீட்சைக்காக ஒருமுறை காட்டிவிட்டு விடாமல், திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். பயத்தைப் போக்குவது பழக்கமே. பயம் போனவன் அநாவசியமாக வேகத்தைக் கூட்டமாட்டான். முக்கியமாக, ஒரே பள்ளியில் ஓர் உபாத்தியாயர் 61 என்றும், மற்றொருவர் 70 என்றும் தத்தம் விருப்பப்படி சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். கூட்டுபவர் காரணம் சொல்லட்டும். காரணம் சொல்ல முடியாதாயின் கூட்டாதிருக்கட்டும்.

எல்லாவற்றினும் அவசியமானது மற்றொன்று. தரையினின்று 500 அடிக்கு வரும்போது வேகமும் இறக்கமும் நேர்கோடும் சரியாக அமையவில்லையாயின், மறுபடி மேலெழுந்து சுற்றி வரவேண்டும் என்பது நல்ல பள்ளிகளின் விதி. ஏட்டில் இவ்விதி எங்கும் உண்டு. நடைமுறையில் மாணாக்கன் அதற்கு நாணுகின்றான். மேலெழுந்து போனால் சகமாணாக்கர் நகைப்பர், உபாத்தியாயர் முகம் சுளிப்பார், பறக்கும் மணிக்குக் கட்டணம் ஏறும் என்ற எண்ணங்கள் அவன் கையைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே 75-ல் வந்த விமானத்தையும் எப்படியாவது இறக்கிவிடப் பார்க்கிறான். இந்த நாணத்தை ஒழிப்பது உபாத்தியாயர்களின் முதற் கடமை. மேலெழுந்து சுற்றி வந்தவனைப் பிழை செய்தவனாகக் கருதாமல், தன் பிழையைக் காலத்தில் கண்டு திருத்திக்கொண்டவனாகக் கருதிப் பாராட்ட வேண்டும். ஒரு சுற்றுக்குச் செலவாகும் எண்ணெயின் விலை, ஒரு மூக்குச் சக்கரத்தின் விலைக்கு ஈடாகாது. உயிரின் விலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

பொதுமக்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. விமானத்தில் பிரயாணம் செய்யும்போது, இறங்க வந்த விமானம் திடீரென மேலெழுந்தால், “விமானிக்கு இறக்கத் தெரியவில்லை” என்று முணுமுணுப்பது நம்மவரிடையே சகஜமாகிவிட்டது. மெத்தென்று இறக்குபவனே வல்லவன், ஒரு தட்டுத் தட்டினால் அவன் அறியாதவன் என்று தீர்ப்புக் கூறுவதும் அப்படியே. உரிய வேகத்தில், உரிய இடத்தில், உறுதியாகத் தரையைத் தொட்ட விமானம் சற்றே அதிர்ந்தாலும் அதுவே நல்ல இறக்கம். பாதையில் பாதியை மிதந்து கழித்துவிட்டுப் பூப்போலத் தொடுவது கண்ணுக்கு இனியது; ஆனால் நீளம் குறைந்த பாதையில் அதுவே ஆபத்து. நாம் கைதட்டுவதும் முணுமுணுப்பதும், விமானி எதனை விரும்புகிறான் என்பதை மெல்ல மெல்ல மாற்றவல்லவை.

அச்சமும் அவசரமும் தீர்மானிக்கும் இடத்தில் அறிவுக்கு வேலையில்லை. குறைந்த வேகத்தால் உயிர் போகும் என்று அஞ்சி அளவின்றிக் கூட்டுபவனும், பாதை குறுகியது என்று அஞ்சி அளவின்றிக் குறைப்பவனும், ஒரே தவற்றின் இரு கரைகளில் நிற்பவர்கள். இருவரும் தம் விமானம் அன்று, அந்த எடையில், அந்தக் காற்றில் எதைக் கேட்கின்றது என்று விசாரிக்கவில்லை. அவ்விசாரணைக்கு வேண்டியவை ஒரு கையேடும், ஒரு பென்சிலும், பறக்குமுன் சில நிமிஷ நேரமுமே. பெருஞ்செலவில் பயிற்சி பெறும் நம் வாலிபர்களுக்கு அந்தச் சில நிமிஷத்தின் அருமையைக் கற்பியாமல் அனுப்பும் பள்ளி, அவர்களிடம் வாங்கிய கட்டணத்துக்குக் கடன்பட்டிருக்கின்றது என்பதே நமது அபிப்பிராயம்.